திங்கட்கிழமை பிஸ்கட்

ஜனவரி 13

அன்புள்ள மேடத்துக்கு,

இங்கே ஆபீஸ் இருக்கிற ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் தெரிகிறது, அதில் யாரோ துணி காயப்போட ஆணி அடித்திருக்கிறார்கள். போன் பண்ணவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மெஷின் சத்தத்தில் என் காது இப்படி ஆனதிலிருந்து போனில் பேசினால் சண்டையில்தான் போய் நிற்கிறது. நீ பாட்டுக்குப் பேசுவாய், நான் பாதியைப் பிடித்துக்கொண்டு "ம்ம்" போடுவேன், "என்ன ம்ம்?" என்று நீ கேட்பாய். எழுதினால் முழுசாகக் கேட்கிறது.

இனி சங்கதிக்கு வருகிறேன். இனிமேல் மெஷின் அறைக்குள் போகக்கூடாது என்று டாக்டர் கொடுத்த சீட்டை முதலாளியிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் தாடியைத் தடவினார். (ஆபீஸில் எல்லாரும் அவரைத் தாடி என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கும் தெரியும்.) "ஸ்பேனர் பிடிச்ச கைதானே, கீபோர்டும் பிடிக்கும். உட்கார்ந்து மெயில் எழுதுய்யா" என்றார். நம்மை யாரென்றே தெரியாத தொழிற்சாலைக்காரர்களுக்கு, எங்கள் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பற்றி எழுத வேண்டும். மார்ச் முடிவதற்குள் ஒரே ஒருவராவது "நேரில் வாருங்கள்" என்று கூப்பிட்டால் இந்த நாற்காலி எனக்கு. இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் காதை வைத்துக்கொண்டு வேறு எங்கே ஃபிட்டர் வேலை கேட்பேன், சொல்.

வந்த நாளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பதில்கூட இல்லை. நான் எழுதுவது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, இருபது ஆண்டுகளாகத் தரத்திற்குப் பெயர்பெற்ற எங்கள் நிறுவனம், உலகத் தரம் வாய்ந்த ஈரப்பத நீக்கத் தீர்வுகளைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறது."

இதில் என்ன குறை? நீ உன் பிஸ்கட் பேக்டரியின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாய். என்னை மாதிரி ஆட்கள் நாள் முழுக்க உனக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவர்களையெல்லாம் நீ என்ன செய்கிறாய்?

உன் ஃபிட்டர்


ஜனவரி 15

அன்புள்ள ஃபிட்டர் ஐயாவுக்கு,

அழிக்கிறேன். வேறென்ன செய்வேன்?

காலையில் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதியை அழித்துவிடுவேன். உங்களுடையதையும் அழித்திருப்பேன். உங்கள் நிறுவனம் பெருமகிழ்ச்சி அடைந்தால் எனக்கென்ன வந்தது? நிச்சயமான புதிதில் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்களே, அதுவும் இப்படித்தான் இருந்தது. முக்கால் பக்கம் உங்கள் கம்பெனி வரலாறு. நான் பொறுத்துக்கொண்டு கொள்முதல் செய்துவிட்டேன். எல்லாரும் என்னைப்போல ஏமாளியாக இருக்க மாட்டார்கள்.

போன வருஷம் அழிக்காமல் விட்ட மெயில் ஒன்று உண்டு. ஒரு கையுறை வியாபாரி எழுதியது. "உங்கள் குப்பைத் தொட்டியில் வலது கை உறைதான் அதிகமாகக் கிடக்கும். பார்த்திருக்கிறீர்களா?" அவ்வளவுதான். கீழே அவர் பெயரும் நம்பரும்.

சூடான தட்டு பிடிக்க எங்கள் ஆட்களுக்குத் தடித்த துணி உறை கொடுக்கிறோம். ஜோடி ஜோடியாக வாங்குவது நான்தான். ஆனால் குப்பைத் தொட்டியை நான் ஏன் பார்க்கப் போகிறேன்? மெயிலை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றால் மனசு போகவில்லை. எழுந்து போய் மூடியைத் திறந்து ஒரு குச்சியால் கிளறினேன். வலது, வலது, இன்னும் ஒரு வலது. அந்தப் பக்கமாக வந்த டிரைவர், "என்ன மேடம், மோதிரம் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். இன்றைக்கு உறை அந்த வியாபாரியிடம்தான் வாங்குகிறோம், வலது கை மட்டும் கூடுதலாக.

அவர் எதையும் விற்கவில்லை, கவனித்தீர்களா? என்னை எழுந்து நடக்க வைத்தார். அதற்காகப் புதிர் போடுகிறேன் என்று காதில் பூச்சுற்றப் பார்க்காதீர்கள். கேட்கிற விஷயம் எதிராளிக்குப் பாதி தெரிந்ததாக இருக்க வேண்டும். மீதியை அவரே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

சாப்பிடுகிறீர்களா, இல்லை மெயிலையே மென்று கொண்டிருக்கிறீர்களா?

மேடம்


ஜனவரி 23

அன்புள்ள மேடத்துக்கு,

நீ சொன்னபடி ஆவலைத் தூண்டினேன். தூண்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"உங்களிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும்" என்று தலைப்புப் போட்டேன். மாத்திரைக் கம்பெனியில் ஒரு அம்மா உடனே திறந்தார். "என் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உங்கள் தலைப்பைப் பார்த்து அங்கிருந்துதான் ஏதோ செய்தி என்று நினைத்துவிட்டேன். உங்கள் இயந்திரமும் நீங்களும் நாசமாய்ப் போங்கள்" என்று பதில் வந்தது. எனக்கு வந்த முதல் பதில் அது. வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அதற்குப் பதில் இல்லை.

அடுத்து, "தயவுசெய்து இதைத் திறக்காதீர்கள்" என்று போட்டுப் பார்த்தேன். எல்லாரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு மெஷினைத் தெரியும், அது நிற்கிற அறையில் வேலை செய்கிறவர்களைத் தெரியாது. மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அது கிடக்கட்டும். உன் பேக்டரியைப் பற்றிச் சொல்லேன். காலையில் பேக்கிங் அறையை யார் திறப்பார்கள்? உள்ளே நுழைந்ததும் என்ன வாசனை வரும்? உனக்கு அங்கே யாரோடு பேச்சு வார்த்தை? சும்மாதான் கேட்கிறேன்.

உன் ஃபிட்டர்


ஜனவரி 27

என் அன்புக்குரிய ஃபிட்டருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். "யாரோடு பேச்சு வார்த்தை" என்று நீங்களா கேட்கிறீர்கள்? கல்யாணமானதிலிருந்து நான் சாயங்காலம் வீடு வந்தால் "பஸ்ஸில் கூட்டமா?" என்பதோடு உங்கள் விசாரணை முடிந்துவிடும். சந்தோஷமாக இருக்கிறது, மறைப்பானேன்.

பேக்கிங் அறையைத் திறப்பவர் பேக்கிங் அக்கா. அவருக்கு வேறு பெயர் இருக்கிறது, சம்பளப் பட்டியலில் மட்டும். எனக்குப் பேச்சு வார்த்தை அவரோடுதான், மத்தியானம் சாப்பாடும் அவர் பக்கத்தில்தான். உள்ளே நுழைந்தால் வெண்ணெயும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை வரும். பிஸ்கட் பதமாக இருக்கிறதா என்று அக்கா தின்று பார்ப்பதில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பார். "டக்"கென்று வந்தால் பெட்டிக்குள் போகும். சத்தம் மழுங்கினால் முகத்தைச் சுளிப்பார்.

ஒரு விஷயம் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. அடுப்பு அணைந்துவிடும், அறை குளிர்ந்து கிடக்கும். திங்கட்கிழமை காலையில் முதலில் வருகிற தட்டுகள் பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும். ஆனால் அக்கா உடைத்தால் சத்தம் வராது. பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பினால் ஒரே வாரத்தில் நமுத்துப் போய்த் திரும்பி வரும். முன்பெல்லாம் அப்படி வந்து அக்கா தலையில்தான் விடிந்ததாம். அதனால் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? அறை சூடாகிற வரைக்கும் வருகிற முழு பிஸ்கட்டுகளை அப்படியே உடைசல் தொட்டியில் தள்ளிவிடுகிறார். உடைசல் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. யாரும் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லலாமேக்கா" என்றேன்.

"சொன்னா நல்ல பிஸ்கட்டைக் கொட்டினேன்னு என் மேலயே எழுதுவாங்க. நீ வாயைத் திறக்காத தாயி. உன்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

இன்னும் கேளுங்கள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள் மேடம்


பிப்ரவரி 5

அன்பே, கொள்முதலே,

பதில் வந்துவிட்டது! திட்டு இல்லை, நிஜமான பதில். அதுவும் ஒன்றல்ல. தாடி என் மேஜைக்கே எழுந்து வந்து, "என்னய்யா சூனியம் வச்சே?" என்று கேட்டார். டீ அவர் கணக்கு.

என்ன எழுதினேன் என்று கேட்கிறாயா? சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது என்று யாரோ ஒரு மேடம் எனக்குச் சொல்லியிருக்கிறார். எழுந்து போய்ப் பார்க்க வைக்கிற கேள்வி ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். எல்லா மெயிலும் தாடி பெயரில்தான் போகிறது. ஆனால் எழுதியது நான்.

உன் பேக்டரியைப் பற்றி இன்னும் எழுது. பெட்டி ஒட்டுகிற பசை, அடுப்புப் பக்கத்து ஆட்கள், எதுவானாலும் சரி.

தலைகால் புரியாத
உன் ஃபிட்டர்


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் எழுதிய மெயிலை இன்று காலை என் மேனேஜரின் மேஜையில், அச்செடுத்த தாளில் பார்த்தேன். தலைப்பு: திங்கட்கிழமை உடைசல். "உங்கள் பேக்கிங் அறையில் மற்ற நாளைவிடத் திங்கட்கிழமை காலையில் உடைசல் அதிகமா? தொட்டியில் கிடப்பது உடைந்த பிஸ்கட்தானா?"

எங்களுக்கு அனுப்பவில்லை என்பீர்கள். தெரியும். இன்னொரு பிஸ்கட் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதை நடத்துகிறவர் எங்கள் மேனேஜரின் மைத்துனர். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள், அங்கே திங்கள் என்ன செவ்வாய் என்ன. "இது உங்க வீட்டு விஷயம் மாதிரி இருக்கே மாமா" என்று அனுப்பிவைத்துவிட்டார்.

உங்கள் மெயில் பிரமாதமாக வேலை செய்தது. மேனேஜர் எழுந்து போனார். தொட்டிக்குள் பார்த்தார். உள்ளே முழு முழு பிஸ்கட். இப்போது அவருக்கு ஒரே கேள்விதான். பிஸ்கட் ஏன் அங்கே போனது என்பது இல்லை. வெளியாளுக்கு இதை யார் சொன்னது? பேக்கிங் அக்காதான் உங்கள் கம்பெனியோடு ஏதோ பேசி வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அக்கா மேலங்கியைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பர்ச்சேஸ்ல இருக்கீங்களே, இந்தக் கம்பெனியைத் தெரியுமா?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் சார் என்றேன்.

சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதினீர்கள். நான் அதை நம்பி, என் புருஷனுக்கு என் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். போட்டு வாங்கியிருக்கிறீர்கள். பெட்டி ஒட்டும் பசை வேறு வேண்டுமாம். நீங்கள் கேட்டது என்னைப் பற்றியா, பிஸ்கட்டைப் பற்றியா?

இப்படிக்கு,
கொள்முதல் அதிகாரி


பிப்ரவரி 13

மேடம்,

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சண்டை போட எனக்கு வராது.

உன் பேக்டரியை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். எல்லா பிஸ்கட் கம்பெனிக்கும் யார் மைத்துனர் யார் மாமா என்று வம்சாவளி பார்க்க முடியுமா? அப்புறம், நான் உன்னைக் கேட்பதில்லை என்கிறாய். நீ கேட்டாயா? டாக்டர் சீட்டை உன்னிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே வேலை?" என்றாய். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, சண்டை முடிந்தது.

தப்பு என்னுடையதுதான். அக்காவின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் ஒரு ஆள் என்றே அந்த மெயிலை எழுதும்போது தோன்றவில்லை, நல்ல வரி என்றுதான் தோன்றியது.

இப்போது இன்னொரு சிக்கல். உன் மேனேஜர் தாடிக்கு எழுதியிருக்கிறார். "உங்களுக்குத் தகவல் தந்தவர் யார் என்று நேரில் வந்து சொல்லுங்கள். இயந்திரத்தைப் பற்றியும் பேசலாம்." நேரில் வாருங்கள்! எந்த வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தேனோ அதே வார்த்தை. தாடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஏதாவது ஒரு பேரைச் சொல்லிட்டு ஆர்டரை வாங்கிட்டு வாய்யா. போயிட்டு வந்தா நாற்காலி உனக்கு" என்கிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் என்ன செய்யட்டும்?


பிப்ரவரி 17

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "யாரு சொல்லியிருப்பான்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன் தாயி. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீ போடறேன், இரு" என்று எழுந்து உள்ளே போனார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

நாளை மறுநாள் மேனேஜர் ஊரிலிருந்து வருகிறார். அவரிடம் சொல்லிவிடப் போகிறேன்.


பிப்ரவரி 18

மேடம்,

அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடாதே. நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். உன் மேனேஜருக்கு இன்று காலையிலேயே எழுதிப் போட்டுவிட்டேன்.

"இந்தத் தகவலை எங்களுக்கு யாரும் தரவில்லை. ஒரு நாள் முழுக்க அடுப்பு அணைந்திருந்தால் எந்தப் பேக்கிங் அறையிலும் ஈரம் ஏறும். பிஸ்கட் அதைக் குடித்துவிடும். நெடுநாள் ஃபிட்டராக இருந்த எனக்குத் தெரிந்த விஷயம் இது. உங்கள் ஊழியர் மேல் தவறில்லை. நேரில் வர இயலாததற்கு மன்னிக்கவும்."

ஈரத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. யாரும் தரவில்லை என்றது பொய். தாடிக்குக் காட்டாமல் அனுப்பிவிட்டேன். பிறகு காட்டினேன். "கூப்பிட்ட வீட்டுக்கு வர மாட்டேன்னு எழுதின முதல் விற்பனையாள் நீதான்யா" என்றார். நாற்காலி ஆட்டம் காண்கிறது. போகட்டும்.

இன்னொன்று. "சும்மாதான்" என்று எழுதியது பொய். மெயிலுக்கு வரி தேடித்தான் கேட்டேன். ஆனால் உன் பதில் வந்த அன்று என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிவந்து, அக்கா மாதிரி காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கேட்டது. மறு பக்கம் வைத்து உடைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. இன்னொன்றை உடைத்தேன். கட்டிலெல்லாம் தூளாகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லாமல், கேள்வியை மெயிலில் போட்டு அனுப்பிவிட்டேன்.

உன் ஃபிட்டர்


மார்ச் 3

ஃபிட்டர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நான் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, "சார், அந்த மெயில் எழுதினவர் என் வீட்டுக்காரர், அவர்கிட்ட சொன்னது நான்" என்று சொல்லி முடித்தபோது, அவர் மேஜையில் உங்கள் அதிபுத்திசாலிக் கடிதம் கிடந்தது. யாரும் தரவில்லையாம். அவர் அதை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"ரெண்டுல எது நெசம்?"

"ஈரம் நெசம் சார். மத்தது நான் சொல்றதுதான் நெசம்."

திட்டுவார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு அதற்குள் வேறு அரிப்பு பிடித்துவிட்டது. திங்கட்கிழமை அக்காவை வரச்சொல்லி, அவரும் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். முதல் தட்டு வந்தது. அக்கா ஒன்றை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் உடைத்தார். "எங்கே, இன்னொண்ணு." இன்னொன்று. பிறகு அவரே எடுத்து உடைக்க ஆரம்பித்துவிட்டார். அறை சூடேறிச் சத்தம் மாறுகிற வரைக்கும் நகரவில்லை. சட்டையெல்லாம் தூள். கடைசியில், "இதை ஏன்மா என்கிட்ட சொல்லல?" என்று அக்காவிடம் கேட்டார்.

"திங்கட்கிழமை பிஸ்கட் நமுக்குதுன்னு ஆரம்பத்துலயே சொன்னேன் சார். பேக்கிங்கை ஒழுங்காப் பண்ணுங்கன்னு சொல்லிட்டீங்க."

மேனேஜர் கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு வெளியே போனார். மத்தியானம் மேலங்கி மறுபடி அக்கா தோளில் இருந்தது.

இயந்திரம் வாங்குகிறார்கள். உங்களிடம் இல்லை. ஊழியரின் குடும்பத்தார் இருக்கும் கம்பெனியில் வாங்கக்கூடாது என்பது எங்கள் விதி. அதை எழுதியவளே நான்தான். என்னைக் கொள்முதலிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை, மூட்டைகள் இருக்கின்றன.

அதெல்லாம் பழகிவிடும். அக்காதான் பழகவில்லை. இப்போதும் மத்தியானம் பக்கத்தில்தான் உட்காருகிறார். தன் டப்பாவிலிருந்து எனக்கு எடுத்து வைக்கிறார். ஆனால் "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்கிறார். முன்பு தாயி என்பார். அடுப்புப் பக்கம் நேற்று ஏதோ கலாட்டா, அக்காவுக்குத் தெரியாமல் இருக்காது. கேட்டேன். ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மேடம்


மார்ச் 14

அன்புள்ள மேடத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. அக்காவின் "ஒண்ணுமில்லம்மா"வுக்கு என்ன பதில் எழுதுவது? நீ அழுததற்குக் காரணம் நான்தான். இதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுதக்கூடாது என்று தோன்றியது.

இங்கே தாடி திங்கட்கிழமை வரியை விடுவதாக இல்லை. "நாட்டுல இருக்கிற எல்லா பிஸ்கட் கம்பெனிக்கும் இதையே அனுப்புய்யா. இந்த மாதிரி வரி இன்னொண்ணு சிக்காது" என்றார். மாட்டேன் என்றேன். அது என் வரி இல்லை, ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சாப்பிடும்போது சொன்னது என்றேன். "அப்ப மாசக் கடைசிக்குள்ள உன் வரியைக் கொண்டா" என்றார். நியாயம்தான்.

என்னிடம் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். யாருடைய வாயையும் கிளறாமல், எனக்கே எனக்கென்று தெரிந்தது என்ன? எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். அச்சகம், நூல் மில் என்று ஈரம் உறிஞ்சும் பழைய இயந்திரம் ஓடுகிற இடங்களுக்கு மட்டும் போனது. இதுதான்:

"உங்கள் மெஷின் அறையில் வேலை செய்பவர் போன் வந்தால் எந்தக் காதில் வைக்கிறார்? எப்போதும் அதே காதுதானா?"

தாடி படித்துவிட்டு முறைத்தார். "நம்ம பழைய மெஷின்லதான் உன் காது போச்சுன்னு ஊரெல்லாம் தமுக்கடிக்கப் போறியா?" நம் புது மெஷின் அப்படிச் சத்தம் போடாது என்று சொல்ல வேறென்ன வழி என்று கேட்டேன். தாடியை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். "அனுப்பித் தொலை" என்றார். அடியில் என் பெயரைப் போட்டே அனுப்பினேன்.

நேற்று ஒரு அச்சகத்திலிருந்து பதில் வந்தது. "இடது. இப்போதுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஏன்?" காரணத்தை எழுதினேன், என் கதையைத்தான். இன்று காலை மறுபடி வந்தது. "அவனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். நேரில் வாருங்கள்."

நாற்காலி எனக்குத்தான் என்று தாடி சொல்லிவிட்டார். சந்தோஷமாகக் குதிக்க வேண்டும். அந்த அச்சக ஆளின் நினைப்பாகவே இருக்கிறது. புதன்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.

உன் ஃபிட்டர்


மார்ச் 17

என் அன்புள்ள ஃபிட்டருக்கு,

நாற்காலி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். தாடிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் மெயிலை ஸ்டோரில் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். என்ன ஆனது தெரியுமா? எழுந்து பாய்லர் அறைக்குப் போனேன். வேறு வேலையே இல்லாதவள் மாதிரி வாசலில் நின்றேன். ஆபரேட்டருக்குப் போன் வந்தது. கையில் கம்பி இருந்தது, அதைக் கீழே வைத்து, போனைக் கை மாற்றி, மறு பக்கத்துக் காதில் வைத்துப் பேசினார். "என்ன மேடம் வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும்தான் உறைத்தது. உங்களுக்கு எந்தக் காது?

எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சீட்டில் எழுதியிருந்திருக்கும், நான் படித்தது மெஷின் அறைக்குள் போகக்கூடாது என்கிற வரியை மட்டும்தான். நாம் நடந்து போகும்போது நான் எந்தப் பக்கம் வருவேன்? பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் என்று அடம்பிடிப்பேனே, அப்போது பேசியதில் உங்களுக்கு எவ்வளவு கேட்டது? நீங்கள் ம்ம் போட்டதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். என்னைக் கேட்டீர்களா, என்னைக் கேட்டீர்களா என்று உங்களைப் பிடித்து உலுக்கினேன். நான் இதைக் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து உங்கள் அறைக்கு நடந்தே போகலாம், நிறையப் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வரி பதில் போடுங்கள். நான் உங்களுக்கு எந்தப் பக்கம் நடக்கட்டும்?